ஓம் என்பது பதில் அல்ல

“பயமா இருக்கா அக்கா?” என்று கேட்டேன். “ஓம்” என்றார் மங்களக்கா. அந்த ஓமுக்கு என்ன பொருள்? இதை எழுதத் தொடங்கும்போது எனக்குத் தெரியவில்லை. எழுதி முடித்த பிறகும் தெரியப்போவதில்லை.

பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபின் அவரிடம் மிஞ்சியிருந்தது, ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்தான். வலித்தாலும் ஓம், வேண்டாம் என்றாலும் ஓம். அந்தச் சொல்லை நம்பாதீர்கள் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவரிடம் மூளை அதை மட்டும் விட்டுவைத்தது. இதில் விதியையோ விளையாட்டையோ நான் தேடமாட்டேன். பேச்சுக்குரிய பகுதி சிதைந்தவர்களிடம் அதிகம் புழங்கிய ஒரு சொல் இப்படித் தங்கிவிடுவதுண்டு. எங்கள் ஊரில் ஓமைவிட அதிகம் புழங்கும் சொல் எது?

செய்தி வந்தபோது நான் வகுப்பில் நின்றேன். படுத்திருக்கும் நோயாளியை எழுப்பாமல் விரிப்பு மாற்றும் பாடம். நோயாளிக்குப் பதிலாகக் கிடத்திய பொம்மையை ஒருபக்கம் திருப்பி, பழைய விரிப்பைச் சுருட்டி முதுகோடு ஒதுக்கியிருந்தேன். அவருடைய தங்கை பவளம் தொலைபேசியில், “அக்கா போயிட்டா புள்ள” என்றார். மாணவிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். பாதியில் திருப்பிய நோயாளியை அப்படியே விட்டுப் போகக்கூடாது என்பது மங்களக்காவின் சட்டம். பொம்மையை மறுபக்கம் திருப்பி, விரிப்பை இழுத்துச் சொருகி, நேராகக் கிடத்திப் போர்த்திவிட்டுத்தான் அவர்களிடம் சொன்னேன். ஒரு பொம்மைக்கு அது தேவையில்லை. ஆனாலும் என் கை நிற்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நோயாளிகளுக்கு அவர் மங்களம் மிஸ்ஸி, மாணவிகளுக்கு மங்களேஸ்வரி டீச்சர், எனக்கு மங்களக்கா. நெடுங்காலம் ஆஸ்பத்திரி வாட்டில் தாதியாக இருந்துவிட்டுத் தாதியர் கல்லூரிக்குக் கற்பிக்க வந்தார். நான் பல்கலைக்கழகம் முடித்து அங்கே வந்தபோது, வாவியைப் பார்த்த ஓர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. என்னைப் பார்த்த முதல் நாளே “வா பட்டதாரி” என்றார். கடைசிவரை அந்தப் பட்டத்தை என்னிடமிருந்து அவர் பறிக்கவில்லை.

அவர் அடிக்கடி சொல்லும் ஒன்று எனக்கு மிகையாகத் தோன்றியது. மருந்து கொடுக்குமுன் “நீங்கதானே இன்னார்?” என்று கேட்கக்கூடாது, “உங்கட பேரென்ன?” என்றுதான் கேட்கவேண்டும் என்பார். அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அவர் காரணம் வேறு சொன்னார். எங்கட சனத்திட்ட ‘தானே’ போட்டுக் கேட்டால் ‘ஓம்’ தவிர வேறொன்றும் வராது என்றார். ஆட்கள் அவ்வளவு விளங்காதவர்களா என்று நான் கேட்டேன்.

“வா, காட்டுறன்” என்று ஆண்கள் வாட்டுக்குக் கூட்டிப்போனார். வெல்லாவெளியிலிருந்து வந்த ஒரு விவசாயி, சீனி வருத்தத்தில் கால்புண்ணோடு கட்டிலில் இருந்தார். மங்களக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முன் நின்றார்.

“ஐயா, நீங்கதானே பாசிக்குடாவில பெரிய ஹோட்டல் வச்சிருக்கிற முதலாளி?”

“ஓம் மிஸ்ஸி.”

“வெள்ளக்காரரெல்லாம் உங்கட ஹோட்டல்லதான் நிக்கிறாங்களாம்?”

“ஓம் மிஸ்ஸி.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். “சரி ஐயா, உங்கட பேரென்ன? எந்த ஊர்?” என்றார் மங்களக்கா. மனிதர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் தெளிவாகச் சொன்னார். “வெல்லாவெளி மிஸ்ஸி. வட்டையில நெல்லு வெட்டுத் தொடங்கிட்டு. கெதியா வீட்ட விட்டா நல்லம்.”

“அப்ப ஹோட்டலுக்கு ஏன் ஓம் எண்டீங்க?”

“மிஸ்ஸி கேக்கக்குள்ள இல்ல எண்டு சொல்லலாமா?”

மங்களக்கா என் பக்கம் திரும்பினார். “பாத்தியா பட்டதாரி? அது மரியாதை புள்ள. பதில் இல்ல.”

ஒருவரை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று படித்தவள் நான். அடுத்து வந்த நாட்களில் அவருக்குத் தெரியாமல் நானே சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். “உங்களுக்கு ஏறாவூர்தானே உம்மா?” என்றேன் ஒரு காத்தான்குடித் தாயிடம். “ஓம் மகள்” என்று அன்போடு சிரித்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் அப்படியே சொன்னதும் நிறுத்திக்கொண்டேன். மேசைக்கு வந்தபோது, “முடிஞ்சுதா ஆராய்ச்சி?” என்றார் மங்களக்கா, தலையை நிமிர்த்தாமலே.

பொய்யான ஓமைப் பிடிப்பது எளிது. உண்மையான ஓமின் ஆபத்தை நான் பெண்கள் வாட்டில் கண்டேன். ஆசியா உம்மா என்ற ஒரே பெயரில் இரண்டு தாய்மார் அங்கே இருந்தார்கள், ஒருவர் காத்தான்குடி, மற்றவர் ஓட்டமாவடி. அவர்களில் ஒருவருக்கு மட்டும் இரத்தம் ஏற்றவேண்டும். பையைத் தொங்கவிட்ட மாணவி, “ஆசியா உம்மாதானே?” என்று கேட்டாள். “ஓம் மகள்.” அதில் எந்தப் பிழையும் இல்லை, அவர் ஆசியா உம்மாதான். மாணவி குழாயைக் கையில் எடுத்த நேரம், வாசலில் என்னோடு பேசிக்கொண்டு நின்ற மங்களக்கா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். ஓடவில்லை. கட்டிலருகே போய், “உம்மா, உங்கட முழுப் பேரையும் வாப்பாட பேரையும் ஒருக்காச் சொல்லுங்க, கேப்பம்” என்றார், ஊர்க்கதை கேட்பதுபோல. வாப்பாவின் பெயர் பையோடு வந்த சீட்டில் இருந்த பெயரல்ல.

பொருந்தாத இரத்தம் கொஞ்சம் ஏறினாலே உயிர் போகலாம். மங்களக்கா பையை இறக்கினார், மாணவியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். நான் ஏச்சை எதிர்பார்த்தேன். ஏச்சில் அவர் சாதாரணமானவரல்ல, அவரிடம் அழாமல் பயிற்சி முடித்தவர்கள் உங்களில் யாரும் இருக்கமாட்டார்கள். அன்று அவர் ஏசவில்லை. “அவ பொய் சொல்லல்ல புள்ள. உண்மையத்தான் சொன்னா. நீ கேட்டதுதான் போதாது” என்றார். பிறகு கைகழுவும் தொட்டிக்குப் போனார். அங்கே கழுவிய கையையே அவர் திரும்பத் திரும்பக் கழுவியதை நான் பார்த்தேன். அந்த வாசலில் நானும்தான் நின்றேன். அதே “ஓம் மகள்” என் காதிலும் விழுந்தது. என் காதில் அது வெறும் ஓமாகவே விழுந்தது.

இந்தப் பெயர் விடயத்தில் அவர் தோற்கப் பார்த்தது ஒரேயொரு முறை. படுவான்கரையிலிருந்து ஒரு முதியவரை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். கூட வந்தது மனைவி மட்டும்.

“அம்மா, இவர்ட பேரென்ன?”

“எங்கட ஆள்தான் மிஸ்ஸி.”

“வேற ஆளையா கூட்டி வருவீங்க? பேரச் சொல்லுங்க.”

அந்த அம்மா நிலத்தைப் பார்த்தார். “மயில்ல போறவர்ட பேர்” என்றார்.

“முருகேசுவா?” இல்லையென்று தலையாட்டினார். “கந்தையா? வேலாயுதம்?” அதற்குள் வாட்டே சேர்ந்துகொண்டது. ஒரு கட்டிலிலிருந்து “சண்முகம்!” என்றார்கள். இன்னொரு கட்டிலிலிருந்து “ஆறுமுகமாக்கும்!” என்று குரல் வந்தது. முருகனுக்கு இவ்வளவு பெயர் இருப்பது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று அன்றுதான் உணர்ந்தேன். மங்களக்கா அந்த அம்மாவின் தோளில் கைவைத்தார்.

“பேரச் சொன்னா அவர்ட ஆயுசு குறையாது அம்மா. பேர் தெரியாம ஊசி போட்டாத்தான் குறையும்.”

அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு “தணிகாசலம்” என்றார். உடனே முதியவர் கண்திறந்து, “ஆரு என்ட பேரச் சொன்ன?” என்று கேட்டதாக ஒரு கதை இன்றுவரை வாட்டில் உலாவுகிறது. நான் அங்கே நின்றவள். அப்படி எதுவும் நடக்கவில்லை. சேலைன் ஏறிக் கொஞ்ச நேரம் போனபிறகுதான் அவர் கண்விழித்தார், தேத்தண்ணி கேட்டார்.

அவரிடம் நான் வியந்த இன்னொன்று மூச்சை எண்ணும் விதம். மாணவிகள் வழமையாக ஒரு இலக்கத்தை உத்தேசமாக எழுதிவிட்டுப் போகும் வேலை அது. அவர் கட்டிலருகே உட்கார்ந்து நோயாளியின் மணிக்கட்டைப் பிடிப்பார். விரல் நாடியில் இருக்கும், கண் நெஞ்சில் இருக்கும், வாய் வயலையோ கடலையோ விசாரித்துவிட்டு மெல்ல ஓய்ந்துவிடும். “மூச்ச எண்ணுறம் எண்டு தெரிஞ்சா ஆளுக்கு மூச்சு வேற மாதிரி வரும். கையப் பிடிச்சிரு. நாடி பாக்கிறா எண்டு நினைக்கட்டும். நீ நெஞ்சப் பாரு.” உடம்பு கெட்டுப்போகத் தொடங்கும்போது பெரும்பாலும் மூச்சுத்தான் முதலில் மாறும் என்பது எனக்கும் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் வெறும் கண்ணால் பார்த்து, “இவவப் பத்தி டொக்டரிட்டச் சொல்லுங்க, மூச்சு சரியில்ல” என்று அவர் சொன்ன நோயாளிகளின் பிரஷரும் நாடியும் அதன் பிறகுதான் மாறியதை நான் பலமுறை கண்டேன். இதற்கு அதிசயமான விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. எல்லாரும் எண்ணுவதாகச் சொன்னதை அவர் உண்மையில் எண்ணினார். அது எவ்வளவு அரிது என்பதுதான் அதிசயம்.

நோயாளிகள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள். “மங்களம் மிஸ்ஸி என்ட கையப் பிடிச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தா” என்று சொல்லிக் கண்கலங்குவார்கள். “அவங்க அத அன்பு எண்டு நினைக்கிறாங்க அக்கா” என்று ஒருநாள் சொன்னேன்.

“நினைச்சிட்டுப் போகட்டுமே புள்ள, காசா பணமா?” என்றார்.

பாரிசவாதம் வந்தது ஓய்வுக்குக் கொஞ்சக் காலம் இருக்கும்போது. அவர் வேலை செய்த அதே வாட்டில் அவரையும் நோயாளியாக நிப்பாட்டினார்கள். விழுங்கும் வலு குறைந்திருந்ததால் மூக்கால் குழாய் போட்டு உணவு போனது. சொல்வது விளங்குகிறதா என்று கேட்டால் ஓம். விளங்கவில்லையா என்றாலும் ஓம். உள்ளே அவர் இருக்கிறாரா என்று பவளம் என்னிடம் கேட்டார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

றிஸ்னா ஊசியோடு வந்த காலையில் அதற்குப் பதில் கிடைத்தது. அவள் எங்கள் இருவரிடமும் படித்தவள். ஆசிரியைக்கே ஊசி போடும் பதற்றமோ என்னவோ, “மங்களேஸ்வரி டீச்சர்தானே?” என்று கேட்டுவிட்டாள். வேடிக்கையாகக் கேட்டதாகவும் இருக்கலாம். உலகத்திலேயே ஓம் என்ற ஒரு சொல் மட்டும் உள்ளவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அசைக்கக்கூடிய இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். றிஸ்னா திரும்பக் கேட்டாள். உதடு இன்னும் இறுகியது. என்ன நடக்கிறதென்று எனக்குத்தான் முதலில் விளங்கியது. “சரியாக் கேளு றிஸ்னா” என்றேன்.

அவள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். “உங்கட பேரென்ன?”

“ஓம்!” என்றார் மங்களக்கா, வாட்டுக்கே கேட்க. இடது கை போர்வைக்கு வெளியே வந்தது, மணிக்கட்டில் கட்டிய பேர்ப்பட்டி மேலே தெரியும்படி. றிஸ்னா வாசித்துச் சரிபார்த்து ஊசி போட்டாள். பிறகு திரைக்குப் பின்னால் போய் அழுதாள்.

அதன் பிறகுதான் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. பவளம் இளைத்த உடம்பு, மென்மையான குரல். அக்காவின் உலர்ந்த உதட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, தண்ணி வேணுமா?” “ஓம்.” கோப்பையோடு கட்டிலை நெருங்கியவரை நான் தடுத்தேன். படுத்த உடம்பில், விழுங்கத் தெரியாத தொண்டை வழியே, ஒரு மிடறு தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று சொன்னேன்.

“அவ கேக்கிறா. வாயத் திறந்து கேக்கிறா. தண்ணி குடுக்காமச் சாக விட்டா அந்தப் பாவம் ஆரச் சேரும்? உன்னையா, என்னையா?” பவளம் கோப்பையை இன்னும் முன்னே நீட்ட, தண்ணீர் விரிப்பில் சிந்தியது. “உன்ட படிப்புக்குத் தாகம் தெரியுமா?”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மங்களக்கா ஊசிக்கு ஓமை அடக்கிக் காட்டியவர். அப்படியென்றால் தண்ணீருக்குச் சொன்ன ஓம் உண்மையான ஓமாகவும் இருக்கலாம். ஆபத்தை அறிந்தே அவர் கேட்கவும்கூடும். எங்கள் எல்லோரையும்விட அவருக்கு அது தெரியும். ஆனால் கேள்வி பிழை. ஓம் மட்டும் விடையாக வரக்கூடிய கேள்வி அது.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரை நிமிர்த்தி இருத்தினேன். ஒரு தட்டில் தண்ணீர்க் கோப்பை, சீப்பு, நனைத்துப் பிழிந்த துணி மூன்றையும் வைத்து அவர் இடது கைக்கு எட்டப் பிடித்தேன். “எது வேணும் அக்கா? தொடுங்க.” அவர் வெகுநேரம் தட்டைப் பார்த்தார். பிறகு ஈரத்துணியைத் தொட்டார்.

ஒருமுறை தொட்டதை நான் நம்பவில்லை. பொருட்களை இடம் மாற்றி வைத்தேன். “இன்னும் என்ன சோதனை இது?” என்றார் பவளம். மங்களக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பட்டதாரி என்று சொல்ல வாய் வந்திருந்தால் அப்போது சொல்லியிருப்பார். கை மறுபடி ஈரத்துணிக்கே போனது. அதோடு நிற்கவில்லை. புறங்கையால் கோப்பையைத் தங்கையின் பக்கம் தள்ளினார், நீ குடி என்பதுபோல.

பவளம் சிரித்தார், அழுதார், அந்தத் தண்ணீரைக் குடித்தார். நான் துணியை விரலில் சுற்றி மங்களக்காவின் உதட்டையும் ஈறையும் நாக்கையும் துடைத்தேன். காய்ந்து ஒட்டியிருந்த எச்சில் கழன்று வந்தது. குழாயால் உணவு போகிறவருக்கு வாயைத் துடைக்கவேண்டும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். அவர் கேட்டது அதைத்தான். பவளத்துக்குச் செய்துகாட்டினேன். அன்று முதல் அதை அவரே செய்தார், கடைசி நாள்வரை ஒரு வேளையும் தவறவிடாமல்.

அன்று பின்னேரம் பவளம் வீட்டுக்குப் போனபின் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். நான் கேட்கக்கூடாத விதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். “பயமா இருக்கா அக்கா?” ஒரு பகல் முழுக்கச் சரியாகக் கேட்டுவிட்டு, எனக்கு வேண்டிய கேள்வியைப் பிழையாகக் கேட்டேன். “ஓம்” என்றார். வாயை மூடவில்லை, கையை இழுக்கவில்லை. அது மரியாதையா, பதிலா? தட்டில் வைத்துக் காட்டித் தொடச்சொல்ல, பயத்துக்கு என்ன பொருளை வைப்பேன்?

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதிகமில்லை. “உங்கட பேரென்ன?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பது. எல்லாரும் செய்ததாகச் சொல்வதை உண்மையில் செய்வது. இதை வாசிக்கும் உங்களில் பலர் இந்த நேரம் ஏதோ ஒரு வாட்டில் தட்டோடு நிற்பீர்கள். உங்களிடமும் இது இருக்கும்.

இனி, அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள் நடந்தது. அதற்குப் பிறகும் அவர் சில நாட்கள் இருந்தார், ஆனால் என் நினைவு நிற்பது இந்த நாளில். பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதே வேறு கேள்வி ஒன்றைத் தயார் செய்திருந்தேன். கட்டிலருகே இருந்ததும் அதை மறந்துவிட்டேன். மங்களக்கா இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறுதலுக்குப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். வாட்டு மணிக்கூட்டுக்கு அவர் முகம் ஒருமுறை திரும்பி, மீண்டும் என் பக்கம் வந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை அல்ல, நெஞ்சை.

எண்ணி முடியும்வரை பிடித்திருந்தார். பிறகு கையை விட்டுவிட்டு, “ஓம்” என்றார்.